கன்றுக்கு எந்தப் பிண்ணாக்கு? பருத்திக்கொட்டையில் தொடங்கிய இழை

கேள்வி, ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து, 2022 ஆகஸ்ட் 14

"எங்கள் கட்டுத்தரையில் ஜெர்சி கலப்பினக் கிடாரிக் கன்று ஒன்று நிற்கிறது. பிறந்து 19 நாள். நாளுக்கு 3 லிட்டர் பால் கொடுக்கிறேன். பசுவுக்கு வைக்கும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கையே பொடித்துக் கன்றுக்கும் ஒரு கைப்பிடி வைக்கலாம் என்றிருக்கிறேன். அதுவும் மாடுதானே அண்ணா? புரதம் எதிலிருந்து வந்தால் என்ன?"

ஆகஸ்ட் 14, இரவு

வைக்காதீர்கள் தம்பி. 19 நாள் கன்று இன்னும் மாடு ஆகவில்லை. பிறந்த கன்றின் வயிற்றில் பாலைச் செரிக்கும் நான்காம் அறைதான் பெரியது. மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 60 சதவீதம். அசைபோடுவதற்கான முதல் அறை கால்வாசிதான். வளர்ந்த பசுவில் இது அப்படியே தலைகீழ்: முதல் அறை 80 சதவீதம், நான்காம் அறை 7 அல்லது 8. பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற மஞ்சள் நிற நச்சுப் பொருள் இருக்கிறது. பசுவின் முதல் அறைக்குள் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் வலுவிழந்துவிடுகிறது. உங்கள் கன்றுக்கு அந்த அறையே இன்னும் வேலை தொடங்கவில்லை. நச்சு நேரே உள்ளே போகிறது.

பசு நன்றாகத் தின்கிறது, பால் கொழுப்பாக வருகிறது என்பதெல்லாம் உண்மை. எங்கள் பசுக்களுக்கும் அதைத்தான் வைக்கிறேன். கன்றுக்கு நான்கு மாதமாவது போகட்டும்.

ஆகஸ்ட் 15, காலை

இரவு எழுதாமல் விட்டது: ஏற்கெனவே ஒன்றிரண்டு நாள் கொடுத்திருந்தால் பதற வேண்டாம். காசிபோல் ஒரே நாளில் கொல்வதில்லை. வாரக்கணக்கில் சேர்ந்து இதயத்தைக் கெடுக்கிறது. கன்று தளர்ந்து போகும், மூச்சிரைக்கும், சில கன்றுகள் நேற்றுவரை நன்றாக இருந்து திடீரென்று விழுந்துவிடும். இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால் மருத்துவரை அழைக்க யோசிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 17

மதுரையில் மனிதர்களே பருத்திப்பால் குடிக்கிறார்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குடிக்கிறார்கள், நானும் குடித்திருக்கிறேன், சுக்கும் கருப்பட்டியும் போட்டால் அமிர்தம். ஆனால் அது கொதித்த பால். எப்போதாவது ஒரு டம்ளர். இங்கே பேசுவது 30 கிலோகூட எட்டாத ஓர் உயிர் தினமும் தின்னப்போவதைப் பற்றி.

சூடு காசிபோலைக் குறைக்கிறது என்பது சரிதான். ஆனால் எப்படிக் குறைக்கிறது? புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினோடு ஒட்டவைத்துக் குறைக்கிறது. அந்த லைசின் பிறகு கன்றுக்குக் கிடைப்பதில்லை. லைசினுக்காகத்தான் புரதமே வைக்கிறோம். நச்சு போகிறது என்று மகிழ்ந்தால் கூடவே சத்தும் போகிறது. ஆக, வேகவைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் இந்த வயதில் என் பதில் வேண்டாம் என்பதே.

ஆகஸ்ட் 21

சரி, வேறு எதை வைப்பது? நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் மூட்டையில் அச்சிட்ட புரதச் சதவீதத்தை மறந்துவிடுங்கள். கடலைப் பிண்ணாக்கு 40 சதவீதம், சோயா பிண்ணாக்கு 45, எள்ளுப் பிண்ணாக்கு 38, தேங்காய்ப் பிண்ணாக்கு 20 முதல் 24 என்று வைத்துக்கொண்டால் கடலையும் சோயாவும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஒன்றல்ல. கடலையில் லைசினும் குறைவு, இன்னோர் அமினோ அமிலமான மெத்தியோனினும் குறைவு. நாம் மாவுச்சத்துக்காகச் சேர்க்கும் மக்காச்சோளத்திலும் லைசின் குறைவு. கடலையையும் சோளத்தையும் மட்டும் கலந்தால் இரண்டும் ஒரே இடத்தில் நொண்டுகின்றன. சோயாவில் லைசின் நிறைய. எள்ளில் மெத்தியோனின் நிறைய. இவை ஒன்றின் குறையை மற்றொன்று அடைக்கும்.

பெரிய பசுவுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக வேண்டியதில்லை. அதன் வயிற்று நுண்ணுயிர்கள் கொடுத்ததை உடைத்துத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. பசு அந்த நுண்ணுயிர்களைச் செரிக்கிறது. கன்றுக்கு முதல் ஓரிரு மாதங்களில் அந்தச் சமையற்காரர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை. உள்ளே போடும் புரதமே ஏறக்குறைய குடலுக்குப் போகும் புரதம்.

நான் இப்போது கலப்பது, 100 கிலோவுக்கு: கொரகொரப்பாக உடைத்த மக்காச்சோளம் 45, சோயா பிண்ணாக்கு 20, கடலைப் பிண்ணாக்கு 10, எள்ளுப் பிண்ணாக்கு 5, கோதுமைத் தவிடு 15, வெல்லப்பாகுக் கழிவு 5, தாது உப்புக் கலவை 2, சமையல் உப்பு 1. புரதம் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். கன்றுத் தீவனத்துக்கு அது போதும். 26, 28 என்று ஏற்றினால் கன்று வேகமாக வளரும் என்று நினைப்பவர்கள், செலவை மூத்திரமாகப் பார்ப்பார்கள்.

யூரியா ஒரு சிட்டிகைகூடக் கூடாது. பெரிய மாட்டுத் தீவனத்தில் சில ஆலைகள் சேர்க்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்று அதைத் தாங்காது. பசுவின் மூட்டையிலிருந்து கன்றுக்கு அள்ளிப் போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஆகஸ்ட் 22

கூட்டிப் பார்த்தவருக்கு நன்றி. 103 வருகிறது. கோதுமைத் தவிடு 12 என்று திருத்திக்கொள்ளுங்கள். நேற்று எழுதியது பழைய கலப்பின் அளவு, அதில் எள் இல்லை. 12 வைத்தால் புரதம் 20.75 வருகிறது, சோளத்தை 9 சதவீதம், தவிட்டை 15 என்று பிடித்து.

ஆகஸ்ட் 28

காகிதத்தில் சரியாக இருப்பது போதாது, கன்று தின்ன வேண்டும். சில நாள் முன் ஒரு காலையில், பால் குடித்து முடித்த எங்கள் 24 நாள் கன்றுக்கு முன் நான்கு எனாமல் கிண்ணங்களை வைத்தேன். சோயா, கடலை, எள், மூன்றும் கலந்த தீவனம். முதலில் கடலைக் கிண்ணத்தில் மூக்கை வைத்தது. நாக்கை நீட்டி ஓரத்தை நக்கி, தலையை ஆட்டி, மறுபடி நக்கியது. எள் இரண்டாவது, அது ஈரப்பசையோடு நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது, அரை நிமிடம் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே நின்றது. சோயாவை முகர்ந்து ஒரு தும்மல், அவ்வளவுதான். தூள் மூக்கில் ஏறிவிட்டது. கலப்புத் தீவனத்தில் சோளக் குருணை பல்லில் பட்டதும் நிற்காமல் மென்றது.

இதிலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்தேன். எல்லாவற்றையும் மாவாக அரைப்பதை விட்டுவிட்டேன். சோயாத் தூளைப் பாகில் புரட்டிக் குருணையோடு ஒட்டவைக்கிறேன். பால் குடித்த கையோடு, வாய் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிட்டிகையைக் கன்னத்துக்குள் தடவிவிடுகிறேன். மூன்று நாளில் கிண்ணத்தைத் தானே தேடுகிறது.

சிறிது உண்டாலும் உண்ண வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் எடை மட்டுமல்ல. தானியம் முதல் அறையில் புளிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் அந்த அறையின் உட்சுவரில் சிறு விரல்கள் முளைக்கத் தூண்டுகிறது. பால் மட்டுமே குடித்த கன்றின் முதல் அறை வழவழவென்று இருக்கும். தீவனம் தின்ற கன்றுக்குப் பூத்துவாலை மாதிரி. வைக்கோல் வயிற்றை உப்பவைக்கும், விரல்களை வளர்க்காது.

செப்டம்பர் 6

பச்சைச் சோயா மொச்சையையே வாங்கி இடித்துப் போடுகிறாராம் ஒருவர். பிண்ணாக்கைவிட எண்ணெய்ச் சத்தும் கிடைக்கும் என்பது அவர் வாதம். பச்சைச் சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. புரதத்தை உடைக்கும் நொதியையே அது கட்டிப்போடும். 40 சதவீதப் புரதத்தைப் போட்டு, செரிக்கும் வழியையும் அடைக்கிறோம். வறுத்தால் மட்டுமே பயன்.

வாங்கிய சோயா பிண்ணாக்குச் சரியாக வெந்ததா என்று பார்க்க வீட்டளவில் ஒரு வழி: ஒரு மூடியுள்ள பாட்டிலில் பிண்ணாக்குத் தூள், ஒரு சிட்டிகை யூரியா, வெதுவெதுப்பான நீர். குலுக்கி மூடி அரைமணி வைத்துத் திறந்து முகரவும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் சரியாக வேகவில்லை. சோயாவிலுள்ள யூரியேஸ் நொதி சூட்டில் அழியும். அது உயிரோடு இருக்கிறது என்றால் டிரிப்சின் தடுப்பானும் உயிரோடு இருக்கிறது. பாட்டிலைத் தூர ஊற்றிவிடுங்கள், மாட்டுத் தொட்டிப் பக்கம் வேண்டாம்.

நம் மாவட்டங்களில் சோயா விளைவதே அபூர்வம். மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் எண்ணெய் எடுத்து, நாமக்கல் முட்டைக் கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் லாரி லாரியாக வருவதில் ஓரிரு மூட்டைதான் நமக்கு. கோழிப் பண்ணைக்காரர்கள் தரம் பார்த்து வாங்குகிறவர்கள். அவர்களோடு சேர்ந்து வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, பாலுக்குப் பதில் சோயா மாவைக் கரைத்து ஊற்றலாமா என்பது. முதல் மூன்று வாரம் நிச்சயம் வேண்டாம். பாலின் கேசின் புரதம் வயிற்றில் தயிராக உறைந்து, மெல்லமெல்லக் கீழே இறங்கும். சோயா உறையாது. சரியாகப் பக்குவப்படுத்தாத சோயா மாவின் சில புரதங்கள் கன்றின் இளங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். வருவது கழிச்சல்தான். கிண்ணத்தில் கொறிக்கும் சோயா வேறு, பாட்டிலில் உறிஞ்சும் சோயா வேறு. உறிஞ்சியது முதல் அறையைத் தாண்டி நேரே நான்காம் அறைக்குப் போய்விடுகிறது.

செப்டம்பர் 7

தண்ணீர் வைக்கிறீர்களா? பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். நேற்று சொன்னேன், பால் முதல் அறைக்குள் போவதில்லை. அந்த அறை நொதிக்கத் தண்ணீர் தனியாக வேண்டும். வாளியில் நீர் இல்லாத கன்று தீவனமும் குறைவாகத்தான் தின்னும்.

அக்டோபர் 2

பழைய கைப்பிரதிகளில் கன்றுத் தீவனத்துக்கு 10 பங்கு மீன்தூள் போட்டிருக்கும். எங்கள் அப்பா அதைத்தான் கலந்தார். புரதத் தரம் என்று பார்த்தால் எந்தப் பிண்ணாக்கும் மீன்தூளுக்கு ஈடில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் கிடைத்ததில் பாதி மணலும் உப்பும். ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் விரல்கடை மணல் தேங்கியது. அதனால் விட்டேன்.

இறைச்சித்தூள், எலும்புத்தூள் வேறு கதை. அசைபோடும் விலங்குக்கு அசைபோடும் விலங்கின் மிச்சத்தை ஊட்டியதால்தான் பிரிட்டனில் பித்துப் பசு நோய் பரவியது. 1988இல் அங்கே அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஊத்துக்குளித் தம்பியின் கன்றுக்கு இன்று 68 நாள். தினம் 800 கிராம் தின்கிறதாம். மூன்று நாள் தொடர்ந்து அந்த அளவு தின்றால் பாலைப் படிப்படியாக நிறுத்தலாம். வயதை வைத்து நிறுத்தாதீர்கள், தின்னும் அளவை வைத்து நிறுத்துங்கள்.

அக்டோபர் 19

மரச்செக்குப் பிண்ணாக்குதான் வேண்டும், ஆலைப் பிண்ணாக்கு சக்கை என்று நானே நண்பர்களிடம் வருடக்கணக்கில் சொல்லிவந்தேன். கன்று விஷயத்தில் அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செக்குப் பிண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாகத் தங்குகிறது. பசுவுக்கு அது நன்மை. கன்றுத் தீவனத்தில் எண்ணெய் மிஞ்சினால் முதல் அறையில் அப்போதுதான் குடியேறும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிறது. இன்னொன்று, எண்ணெய் காறிப்போகும். போன மாதம் எள்ளுப் பிண்ணாக்கு மூட்டை ஒன்றைத் திறந்தேன். நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, பழைய விளக்குத்திரி நெடி. கன்று மூக்கைத் திருப்பிக்கொண்டது. இப்போது எள்ளைப் பதினைந்து நாளுக்கு வேண்டிய அளவே வாங்குகிறேன். சிவகிரிப் பக்கம் எள் நிறைய. தூரம் ஒரு பொருட்டில்லை.

காங்கேயம் பக்கத்தவர்கள் தேங்காய்ப் பிண்ணாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். கொப்பரை ஆலைகள் வாசலிலேயே இருக்கும்போது ஆசை வருவது இயல்பு. மணம் நல்லது, கன்று விரும்பும். புரதம் பாதிதான், லைசினும் குறைவு. தவிட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 5 கிலோ சேர்க்கலாம். சோயாவின் இடத்தில் வைக்காதீர்கள்.

நவம்பர் 13

மூன்று நாளாக மழை. இதை எழுத எனக்கு நான்கு வருடம் ஆனது.

2018 நவம்பரில் இப்படித்தான் மழை. வாடிக்கையான வியாபாரி ஒருவரிடம் ஆறு மூட்டை கடலைப் பிண்ணாக்கு வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். மேலே பார்க்க நன்றாக இருந்தது. உடைத்த துண்டின் நடுவில் மட்டும் பச்சைச் சாம்பல் பூத்திருந்தது, புழுதி என்று நினைத்து உதறிவிட்டுக் கலந்தேன். பசுக்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. பால் சற்றுக் குறைந்தது, மழையால் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை மாதக் கிடாரி ஒன்று. நெற்றியில் பிறைபோல் வெள்ளை. முதலில் மயிர் முரடானது. பிறகு தீவனத்தைப் பாதியில் விட்டது. ஒரு நாள் விடியற்காலை கட்டுத்தரையில் நறநறவென்று ஏதோ சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் அது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அன்று மாலை கழிச்சல், வாலைத் தூக்கியபடியே முக்கிக்கொண்டிருந்தது, வெளியே எதுவும் வரவில்லை. மறுநாள் ஒரே பக்கமாக வட்டம் சுற்றியது. ஐந்தாம் நாள் போய்விட்டது. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது கூடவே நின்றேன். ஈரல் வெளிறி, கத்திக்குக் கட்டையாக இருந்தது.

பூஞ்சை நச்சு. அஃப்ளாடாக்ஸின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, என்ன நோயென்றே தெரியாமல் தேடியபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில்தான் இந்த நச்சையே முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். கடலைக்கும் இந்தப் பூஞ்சைக்கும் அப்படி ஒரு நெருக்கம். இளம் விலங்கின் ஈரலைத்தான் அது முதலில் பிடிக்கும்.

முன்பு கலப்பில் கடலை 30 கிலோ போட்டுவந்தேன், அதை 10ஆகக் குறைத்ததற்கு லைசின் கணக்கு மட்டும் காரணமில்லை. ஆகஸ்டில் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நான் செய்வது: மூட்டைக்கு மூன்று துண்டை உடைத்து நடுவைப் பார்க்கிறேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் கன்றுக்குக் கடலையே கிடையாது, அந்த 10 கிலோவின் இடத்தில் 9 கிலோ சோயா, 1 கிலோ தவிடு. மொத்தமாக வாங்கும்போது மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறேன். ஒரு கன்றின் விலைக்கு முன் அந்தக் கட்டணம் பெரிதல்ல.

நவம்பர் 14

வெயிலில் நன்றாகக் காயவைத்தால் சரியாகிவிடாதா, இல்லாவிட்டால் ஊறவைத்துக் கொதிக்கவைக்கலாமே என்கிறீர்கள். பூஞ்சை சாகும். நச்சு சாகாது. அது சமையல் சூட்டைத் தாங்கும். வெயில், பூஞ்சை வருமுன் காக்கத்தான். வந்தபின் அந்தத் துண்டைப் புதைத்துவிடுங்கள். பசுவுக்குத் தள்ளினால் பாலில் இறங்கி நம் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்கே வரும்.

நேற்று எழுதியதற்குப் பலர் ஆறுதல் சொன்னீர்கள். பிறை நெற்றிக்காரியின் தாய் இன்னும் எங்களிடம் இருக்கிறாள். ஆறாவது ஈற்றுக்குச் சினை.

டிசம்பர் 4

இலை தழை: அகத்தி இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு கைப்பிடி, கன்று ஆசையாகத் தின்னும். வேலிமசால் இன்னும் நல்லது. சவுண்டல் வேண்டாம், அதிலுள்ள மிமோசினைச் சிதைக்கும் நுண்ணுயிர் கன்றுக்கு இல்லை, மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும். ஆமணக்குப் பிண்ணாக்கு வயலுக்கு மட்டும். எருவுக்கு வாங்கிய மூட்டையைத் தீவன அறையில் வைக்காதீர்கள், இருட்டில் கை மாறிவிடும்.

2023 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

காலையில் கொம்புக்கு வண்ணம் பூசி முடித்தோம். கன்றுகளுக்குக் கொம்பில்லையே என்று பேத்தி நெற்றியில் மஞ்சள் வைத்தாள். ஒன்று அவள் விரலை விடாமல் உறிஞ்சியது. பொங்கல் சோற்றைக் கன்றுக்கு நெல்லிக்காய் அளவுக்கு மேல் கொடுக்காதீர்கள். திருநாள் மறுநாள் வயிற்றுப் புளிப்போடு வரும் கன்றுகளை மருத்துவர்கள் வருடா வருடம் பார்க்கிறார்கள்.

ஊத்துக்குளித் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கிடாரிக்கு ஆறு மாதம் நெருங்குகிறது. முதுகு நேராக, மயிர் எண்ணெய் தடவியதுபோல, வயிறு தொங்காமல். மார்புச் சுற்றளவை டேப்பில் அளந்து எழுதியிருக்கிறார், மாதா மாதம் எழுதுகிறாராம்.

புதிதாகப் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்கியிருக்கிறாராம். இப்போது வைக்கலாமா என்று கேட்கிறார். வைக்கலாம் தம்பி. கலப்பில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் அதிலும் பாதி. துண்டை உடைத்து நடுவைப் பார்த்துவிட்டு வையுங்கள்.